ஈரலில் அதிகம், மூளையில் கொஞ்சம்: அப்படியென்றால் நித்திரை எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் சொல்கிறேன். வெள்ளவத்தையில் உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, இரவில் நித்திரை குறைவு. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணா காட்டு இலந்தை விதைச் சாறு அடங்கிய கப்சூல் போத்தல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். கொடுக்க முன்னர் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். அந்த விதையில் உள்ள ஸ்பினோசின் என்ற பதார்த்தத்தை எலிகளின் நாளத்தில் ஊசியாக ஏற்றி, எந்த உறுப்பில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளந்த ஆய்வு கண்ணில் பட்டிருக்கிறது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் நிறைய, மூளையில் கொஞ்சம். “மூளைக்குச் சரியாகப் போகாத சாமான் எப்படி நித்திரை தரும்? ஈரலில் போய்த் தேங்கினால் ஈரல் கெடாதா?” என்று கேட்கிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு அடியில் நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது. எலிக்கு ஊசியில் ஏற்றி எடுத்த அட்டவணை, அம்மா வாயால் விழுங்கப்போகும் கப்சூலைப் பற்றி எவ்வளவு சொல்லும்? என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய கேள்வி. அதற்கும் வருகிறேன்.

கொழும்பில் மருந்தியல் ஆய்வுகூடத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். விலங்கு இழையங்களில் மருந்தின் செறிவை அளப்பதும், அந்த எண்களை எப்படி வாசிப்பது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியர் அல்ல. அதனால் அட்டவணையை வாசிப்பதில் உறுதியாகப் பேசுவேன், அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்பதை அவரைப் பார்க்கிற வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும்.

ஈரலில் இருந்து தொடங்குவோம். தாவரத்திலிருந்து வந்தாலும் சரி, தொழிற்சாலையில் செய்ததானாலும் சரி, குருதியில் ஏறிய பதார்த்தம் ஏறத்தாழ எதை எடுத்தாலும் எலி அட்டவணையில் ஈரலும் சிறுநீரகமும் மேலே நிற்கும். காரணம் குருதியோட்டம். மனிதரில் இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஏறக்குறைய கால் பங்கு ஈரலுக்கும், ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கும் போகிறது. எலியிலும் ஏறத்தாழ இதே கதைதான். அதோடு ஈரலின் நுண்குழாய்களின் சுவரில் இயற்கையாகவே துளைகள் இருக்கின்றன, குருதியில் கரைந்த மூலக்கூறு தடையில்லாமல் ஈரல் கலத்தின் வாசல்வரை போய்விடும். உள்ளே இழுத்து எடுக்கக் காவிப் புரதங்களும் அங்கே தயாராக நிற்கின்றன. சிறுநீரகம் வடிக்கும் உறுப்பு, வெளியேற வேண்டியது அங்கே சேர்ந்துதான் வெளியேறும். மண்ணீரல் குருதியைத் தேக்கி வைத்திருக்கும் உறுப்பு, ஆகவே அதில் அளக்கும் அளவில் ஒரு பகுதி உள்ளே நிற்கும் குருதிக்குச் சொந்தம். காலையில் கோட்டை புகையிரத நிலையத்தில் சனம் நிறைந்திருப்பதை வைத்து, அவ்வளவு பேரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று யாரும் முடிவு செய்வதில்லை. ஈரலின் எண்ணையும் அப்படித்தான் வாசிக்கவேண்டும். அதில் பெரும்பகுதி கடந்துபோகிற கூட்டம்.

இப்போது மூளை. இந்த இடத்தில் ஆய்வுகூடத்துக்குள் உங்களைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஏனென்றால் அந்தச் சிறிய எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் அதை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. 250 கிராம் எலி ஒன்றுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் என்றால் 5 மில்லிகிராம் ஏற்றுகிறோம். குறித்த நேரத்தில் எலியை முறைப்படி மயக்கிக் கொன்று உறுப்புகளை எடுக்கிறோம். உப்புக் கரைசலில் கழுவி, வடிதாளில் ஒற்றி, நிறுத்து, ஐஸ் மேல் வைத்த குழாயில் அரைக்கிறோம். மூளை அரைபட்டதும் இளஞ்சிவப்பு நிறப் பாலாடை மாதிரி வரும். அதில் மெதனோலோ அசற்றோநைத்திரைலோ ஊற்றிப் புரதத்தைப் படியவிட்டு, மையநீக்கியில் சுற்றி, மேலே தெளிந்து நிற்பதை எடுத்து, மூலக்கூறுகளை நிறையை வைத்துப் பிரித்து எண்ணும் திணிவு நிறமாலைமானிக்குக் கொடுக்கிறோம். வருகிற எண் “ஒரு கிராம் மூளையில் இத்தனை நனோகிராம்”.

அந்த இளஞ்சிவப்பைக் கவனியுங்கள். அது குருதியின் நிறம். உறுப்பின் வெளிப்புறத்தை எவ்வளவு கழுவினாலும் உள்ளே மயிர்த்துளைக் குழாய்களில் நிற்கும் குருதி போகாது. எலியின் மூளை சுமார் 2 கிராம். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு குருதி என்று வைத்தால் 60 மைக்ரோலீற்றர். குருதியில் ஒரு மில்லிலீற்றருக்கு 1000 நனோகிராம் பதார்த்தம் இருந்தால், மூளைக் கலங்களுக்குள் ஒரு துணிக்கைகூட நுழையாவிட்டாலும் அரைத்த மூளையில் 60 நனோகிராம் இருக்கும். கிராமுக்கு 30. ஆகவே ஓர் அட்டவணையில் குருதி 1000, மூளை 35 என்று போட்டிருந்தால், “மூளைக்குப் போகிறது” என்று சொல்ல எனக்கு மனம் வராது. மூளை 300 என்றால் கதை வேறு. இதைத் தீர்க்க வழியும் இருக்கிறது. உறுப்பை எடுக்க முன்னர் இதயத்தின் வழியாக உப்புக் கரைசலை ஓடவிட்டுக் குருதியைக் கழுவி வெளியேற்றினால் மூளை வெளிறிப்போய் வெள்ளையாக வரும், அப்போது அளக்கிற எண்ணுக்கு மதிப்பு அதிகம். நீங்கள் பார்த்த கட்டுரையைத் திரும்பத் திறந்தால், செய்முறைப் பகுதியில் இப்படிக் கழுவினார்களா என்று ஒருமுறை பாருங்கள். தாவரப் பதார்த்தங்களைப் பற்றிய பல கட்டுரைகளில் “உப்புக் கரைசலில் கழுவப்பட்டது” என்று மட்டும் இருக்கும். அது பெரும்பாலும் வெளிப்புறக் கழுவல்தான்.

மூளைக்குள் போவது ஏன் இவ்வளவு கடினம் என்பதும் பழைய கதை. 1885இல் ஜெர்மன் விஞ்ஞானி பவுல் ஏர்லிஹ் சாயங்களை விலங்குகளின் குருதியில் ஏற்றிப் பார்த்தபோது எல்லா உறுப்பும் நிறம் பிடித்தது, மூளை மட்டும் பிடிக்கவில்லை. சாயத்தோடு மூளைக்கு ஒட்டுதல் இல்லை என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மான் 1913இல் அதே வகைச் சாயத்தை மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குள் செலுத்தினார். இந்தமுறை மூளை நீலமாக மாறியது, உடம்பின் மற்றப் பகுதி மாறவில்லை. அதாவது ஒட்டுதலில் குறை இல்லை, இடையில் ஒரு தடுப்பு நிற்கிறது. மூளையின் மயிர்த்துளைக் குழாய்களில் கலங்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று தைத்ததுபோல் ஒட்டியிருப்பதுதான் அந்தத் தடுப்பு. கொழுப்பில் நன்றாகக் கரையும் சின்ன மூலக்கூறுகள் கலத்தின் மென்சவ்வு வழியாகவே போய்விடும். ஏறத்தாழ 400, 450 மூலக்கூற்று நிறைக்கு மேலே போகப் போகவும், நீரை விரும்பும் கூறுகள் கூடக் கூடவும் நுழைவது கடினமாகும்.

இந்த அளவுகோலில் காட்டு இலந்தையின் பதார்த்தங்கள் எங்கே நிற்கின்றன? ஸ்பினோசின் இரண்டு வெல்ல (சீனி) அலகுகள் ஒட்டிய பிளேவனொயிட்டு என்ற தாவரச் சேர்வை, மூலக்கூற்று நிறை சுமார் 608. அதே விதையில் உள்ள ஜுஜுபொசைட்-ஏ, வெல்லச் சங்கிலி ஒட்டிய சபோனின் வகை, 1200ஐத் தாண்டும். இரண்டுமே மூளைக்குள் ஓடிப்போகிற சாதி அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, சீனாவிலும் வியட்நாமிலும் நித்திரைக் குளிசையாகப் பாவிக்கும் இன்னொரு தாவரப் பதார்த்தத்தைச் சொல்கிறேன். அங்கே ரொட்டுண்டின் என்பார்கள், இரசாயனப் பெயர் எல்-டெட்ராஹைட்ரோபால்மட்டின். அது வெல்லம் ஒட்டாத அல்கலொயிட்டு, நிறை 355, கொழுப்பில் கரையும், மூளைக்குள் இலகுவாக நுழையும். ஆகவே “தாவர நித்திரை மருந்து உடம்பில் எப்படிப் பரவும்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் இல்லை. மூலக்கூறைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

நுழைவது மட்டும் போதாது, நுழைந்ததை வெளியே தள்ளும் பம்புகளும் அந்தத் தடுப்பில் இருக்கின்றன. பி-கிளைக்கோபுரதம் அவற்றில் பெயர்போனது. அம்ஸ்டர்டாமில் இந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை வளர்த்தார்கள். உண்ணித் தொல்லைக்காக வழக்கம்போல் ஐவர்மெக்டின் தெளித்ததும், மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகாத அளவில் அந்த எலிகள் செத்தன. 1994இல் வெளியான அந்த ஆய்வில், அவற்றின் மூளையில் ஐவர்மெக்டின் சாதாரண எலியை விடக் கிட்டத்தட்ட 90 மடங்கு. ஈரலிலும் பிளாஸ்மாவிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரு பம்பு இல்லாததால் வந்த வினை. மாணவர்களுக்கு இந்தத் தடுப்பைப் பற்றிச் சொல்லும்போது நான் முதலில் எடுப்பது இந்த எலிகளைத்தான்.

சரி, மூளையில் கொஞ்சம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வேலை செய்யாது என்று சொல்லலாமா? முடியாது. இதற்கு நம் நாட்டிலும் வளரும் ஒரு செடியே சாட்சி. சர்ப்பகந்தா, சிங்களத்தில் ஏகவெரிய. புறக்கோட்டை மருந்துச் சாமான் கடைக்காரர்களுக்குத் தெரிந்த வேர். அதிலிருந்து றெசர்பின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தினர் பிரித்தெடுத்தார்கள். மனிதருக்கு ஒரு நாளைக்குக் கால் மில்லிகிராம் அளவில் கொடுத்தார்கள். இவ்வளவு சிறிய அளவு உடம்பு முழுவதும் பரவினால் மூளைக்கு என்ன மிஞ்சும்? மிகச் சிறிதுதான். ஆனால் நரம்புக் கலங்கள் செரட்டோனின், நோரட்ரினலின் போன்ற செய்திகாவும் பதார்த்தங்களைச் சேமிக்கும் பைகளின் பம்பில் போய் அது இறுகப் பிடித்துக்கொள்ளும், சேமிப்பு காலியாகும். 1955இல் முயல்களில் செய்த சோதனைகளில் மூளையின் செரட்டோனின் வற்றுவது காட்டப்பட்டது. றெசர்பின் மூளையிலிருந்து பெரும்பாலும் போன பின்னரும் அமைதிப்படுத்தும் விளைவு நாட்கணக்கில் நின்றது. செறிவு குறைவு, பிடி பலம். (இதை வாசித்துவிட்டு யாரும் ஏகவெரிய அவித்துக் குடிக்கவேண்டாம். இரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வைக் கொண்டுவரும், வீட்டில் அளந்து கொடுக்கிற மருந்தல்ல.)

எதிர்ப்புறமும் உண்மைதான். நிறையப் போவதால் நீண்ட நேரம் வேலை செய்யும் என்றும் இல்லை. தயோபென்டோன் என்ற மயக்க ஊசி தாவர மருந்தல்ல, ஆனால் உடம்பில் மருந்து பரவுவதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் அறியேன். நாளத்தில் ஏற்றினால் அரை நிமிடத்தில் மயக்கம், ஒரே ஊசியோடு விட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் விழிப்பு. அந்த நேரத்துக்குள் ஈரல் அதை உடைத்து முடிப்பதில்லை, உடம்பிலிருந்து பாதி வெளியேறவே பத்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நடந்தது இடமாற்றம். மூளையில் நிறைந்தது குருதிக்குத் திரும்பி, தசைக்குப் போய், பிறகு ஆறுதலாகக் கொழுப்புக்குப் போகிறது. தசைதான் முதல் இறங்குதுறை என்பதை 1960இல் பிறைஸ் என்பவரின் குழு கணக்கோடு காட்டியது. இதனால்தான், எலியை எந்த நிமிடத்தில் அறுத்தார்கள் என்று தெரியாத அட்டவணையை நான் வாசிப்பதே இல்லை. ஐந்தாம் நிமிடத்து மூளையும் இரண்டாம் மணித்தியாலத்து மூளையும் ஒரே எலியின் மூளை மாதிரியே இருக்காது.

இன்னொரு நுட்பம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரைத்த இழையத்தில் அளப்பது மொத்த அளவு. ஆனால் நரம்பில் உள்ள வாங்கியை (மருந்து பொருந்தும் புரதத்தை) தொட்டு வேலை செய்வது எதிலும் ஒட்டாமல் சுதந்திரமாக நிற்கும் பங்கு மட்டும். பதற்றத்தைத் தணிக்கும் டயசெபாம் என்ற மருந்து குருதியில் நூற்றுக்கு 98 பங்கு அளவில் புரதத்தோடு ஒட்டியே இருக்கும், மிச்சம்தான் வேலைக்காரன். மூளையும் ஒரே சீரான களி அல்ல. நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் ஓர் அளவு, மூளைத் தண்டில் இன்னோர் அளவு என்று இருக்கலாம். முழு மூளையையும் அரைத்தால் அந்த வேறுபாடு அழிந்துவிடும்.

நித்திரை பற்றிய ஆதாரத்துக்கு வருவோம். ஸ்பினோசினுக்கு இருக்கும் சான்று பெரும்பாலும் எலி, சுண்டெலிச் சான்று. பென்டோபாபிற்றல் கொடுத்து மயக்கிய விலங்கு எத்தனை நிமிடம் உறங்குகிறது என்று அளப்பார்கள். ஸ்பினோசினும் சேர்த்துக் கொடுத்தால் உறக்கம் நீளுகிறது. செரட்டோனின் 5-எச்.டி.1ஏ வாங்கியோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று காட்டும் சோதனைகளும், மூளையின் மின் அலைப் பதிவில் ஆழ்நித்திரை கூடியதைக் காட்டும் சோதனைகளும் இருக்கின்றன. ஆனால் பென்டோபாபிற்றல் சோதனையில் ஒரு பழைய பொறி உண்டு. அந்த மருந்தை உடைப்பது ஈரல் நொதியங்கள். ஈரலில் போய் அந்த நொதியத்தை மறிக்கும் எந்தப் பதார்த்தமும், மூளையைத் தொடாமலேயே, எலியின் உறக்கத்தை நீட்டிவிடும். எஸ்.கே.எப். 525-ஏ என்ற பதார்த்தம் இதைச் செய்கிறது என்பது 1950களிலேயே தெரிந்த விஷயம். அப்போ, நீங்கள் பார்த்த அட்டவணையில் ஈரல் உச்சியில் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு எழும் முதல் கேள்வி ஈரல் கெடுமா என்பதல்ல. உறக்கம் நீண்டதில் எத்தனை பங்கு மூளைக்கு, எத்தனை பங்கு ஈரலுக்கு என்பதுதான். மின் அலைச் சோதனைகள் மூளைப் பக்கம் கொஞ்சம் பாரம் சேர்க்கின்றன. ஆனாலும் அவற்றில் சிலவற்றிலும் பென்டோபாபிற்றல் கூடவே இருந்தது. ஆகவே “மூளையில் வேலை செய்கிறது” என்பதை நான் ஏற்கத்தக்க ஊகம் என்று சொல்வேன், நிறுவப்பட்டது என்று சொல்லமாட்டேன்.

ஈரல் கெடுமா என்ற உங்கள் பயத்துக்கு நேரான பதில்: செறிவு அதிகம் என்பது மட்டும் பாதிப்புக்குச் சான்று அல்ல. பரசிற்றமோலைப் பாருங்கள். வழக்கமான அளவில் எடுக்கும்போது ஈரல் அதைப் பிரச்சினையில்லாமல் கையாள்கிறது. அளவு மீறும்போது அதிலிருந்து உருவாகும் ஒரு நச்சு உடைவுப்பொருளைச் செயலிழக்கச் செய்யும் குளுற்றதயோன் தீர்ந்துபோகிறது, அப்போதுதான் கலங்கள் சாகின்றன. தீர்மானிப்பது எவ்வளவு வந்தது என்பதல்ல, உள்ளே என்னவாக மாறியது, அதைச் சமாளிக்கும் கையிருப்பு இருந்ததா என்பது. தேங்குகிறதா என்று அறிய அட்டவணையிலேயே ஒரு வழி உண்டு. நேரம் போகப்போகக் குருதியில் இறங்குவதோடு ஈரலிலும் அதே வேகத்தில் இறங்கினால் தேங்கவில்லை. குருதியில் இறங்கிய பிறகும் ஈரலில் அப்படியே நின்றால், அல்லது பல நாள் தொடர்ந்து கொடுத்த எலிகளில் படிப்படியாக ஏறினால், அது கவனிக்கவேண்டிய விஷயம். ஒரே ஒரு ஊசிக்குப் பிறகு அளந்த ஆய்வு இந்த இரண்டாவது நிலையைப் பற்றிப் பேசவே முடியாது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. எலி அளவை மனித அளவாக மாற்ற ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு, உடலின் மேற்பரப்பை வைத்து 6.2ஆல் வகுப்பது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் அப்போது கிலோவுக்கு 3.2 ஆகும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 190 மில்லிகிராம் சொச்சம், அதுவும் நாளத்தில் ஊசியாக. சீன மருந்துநூல் இந்த விதைக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஸ்பினோசின் 0.08 வீதம், பாவிக்கச் சொல்லும் அளவு 10 முதல் 15 கிராம் விதை. 15 கிராமில் 12 மில்லிகிராம். நல்ல விதையில் இதைவிடக் கூடவும் இருக்கலாம். அடுத்தது, வாயால் கொடுத்த ஸ்பினோசினில் மாறாமல் குருதிக்கு வருவது எலிகளில் வெறும் சில வீதம். தாராளமாக ஐந்து வீதம் என்று வைத்தாலும் 12 மில்லிகிராமில் 0.6 மில்லிகிராம். ஒரு பக்கம் 190, மறு பக்கம் 0.6. முன்னூறு மடங்கு வித்தியாசம். எலியின் ஈரலில் நீங்கள் பார்த்த அந்தப் பயமுறுத்தும் எண்ணும், மூளையில் பார்த்த ஏமாற்றமான எண்ணும், இரண்டுமே இந்த இடைவெளிக்கு அப்பால் நிற்கின்றன.

விழுங்கியதில் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டால், குடலில் உள்ள பற்றீரியாக்கள் அதை வெட்டுகின்றன. ஸ்பினோசினில் இருந்து ஒரு வெல்ல அலகைக் கழற்றினால் சுவேர்டிசின் என்ற சிறிய மூலக்கூறு வரும். ஜுஜுபொசைட்டின் வெல்லச் சங்கிலியும் இதே மாதிரிப் படிப்படியாக அறுக்கப்படுகிறது. இந்தச் சின்ன துண்டுகள் முழு மூலக்கூறை விட இலகுவாகக் குடற்சுவரைக் கடக்கும். ஊசி போட்ட எலியில் ஸ்பினோசினை மட்டும் தேடி அளந்தால் இந்தத் துண்டுகள் கணக்கில் வரவே வராது. விதையை உண்ட ஒருவருக்கு ஏதாவது விளைவு உண்டென்றால் அதில் இவற்றுக்கும் பங்கு இருக்கக்கூடும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. அதனால்தான் கிழக்காசியாவில் நூற்றாண்டுகளாகப் பாவித்த விதையை ஓர் எலி அட்டவணையை மட்டும் வைத்து ஏமாற்று என்று நான் தள்ளமாட்டேன். அதே அட்டவணையைப் போத்தலில் ஒட்டி “விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டது” என்று விற்பவரையும் நம்பமாட்டேன்.

நான் உண்மையில் கவலைப்படுவது ஸ்பினோசினைப் பற்றி அல்ல, போத்தலுக்குள் வேறு என்ன இருக்கக்கூடும் என்பதைப் பற்றி. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜின் பு ஹுவான் என்ற சீனக் குளிசை வலிக்கும் நித்திரைக்கும் விற்கப்பட்டது. லேபிளில் ஒரு தாவரத்தின் பெயர், உள்ளே இருந்தது வேறு தாவரத்தில் கிடைக்கும், நான் மேலே சொன்ன எல்-டெட்ராஹைட்ரோபால்மட்டின், செறிவாக. 1993இல் கொலராடோவில் அதைத் தவறுதலாக விழுங்கிய மூன்று குழந்தைகளுக்கு மூச்சும் இதயத் துடிப்பும் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. பெரியவர்கள் பலருக்கு ஈரல் அழற்சி வந்தது. மூளைக்குள் இலகுவாகப் போகும் மூலக்கூறு என்றால் அதற்கு இந்த முகமும் உண்டு. மூளையில் குறைவு என்று நீங்கள் குறைபட்ட அதே விஷயம், அளவு தவறினால் ஒரு பாதுகாப்பும்கூட.

நம்மூர் இலந்தை விதையை இடித்துக் கொடுக்கலாமா என்று இதைப் படிக்கும் யாராவது நினைத்தால், அது வேறு இனம். வறண்ட வலயத்தில் நாம் பழம் பறித்துத் தின்னும் மரமும் சீனக் காட்டு இலந்தையும் உறவுதான், ஆனால் விதையின் இரசாயனம் ஒன்றென்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அம்மாவின் விஷயத்தில் வைத்தியரிடம் போகும்போது அவர் இப்போது எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் போத்தலையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஏற்கனவே நித்திரைக் குளிசையோ, வலிப்புக்கான மருந்தோ, குருதி உறைவதைத் தடுக்கும் வாபரினோ எடுப்பவர் என்றால் மேலே சொன்ன ஈரல் நொதிய விஷயம் வெறும் ஆய்வுகூடக் கதை அல்ல, இவற்றில் பலவற்றை உடைப்பதும் அந்த நொதியங்கள்தான். பயம் தெளிய வேண்டுமென்றால் தொடங்க முன்னரும் சில வாரம் கழித்தும் ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதியம் உள்ளிட்ட ஈரல் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள், சாதாரண இரத்தப் பரிசோதனைதான். கண் மஞ்சளாதல், சிறுநீர் கடும் நிறமாதல், காரணமில்லாத சொறிச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். நித்திரையின்மைக்கு மருந்தில்லாத நடத்தைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, மருத்துவ வழிகாட்டல்கள் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். அதைப் பற்றியும் அவரிடம் விசாரியுங்கள்.

அப்புறம், போத்தலின் லேபிளில் தாவரத்தின் முழுப் பெயர், விதைப் பொடியா சாறா, ஒரு கப்சூலில் ஸ்பினோசின் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சாறு என்றால் விதையைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கலாம், நான் போட்ட 12 மில்லிகிராம் கணக்கு அப்போது மாறும். எண் இருந்தால் எழுதுங்கள், அதை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஒன்றுமே எழுதாமல் “மூலிகைக் கலவை” என்று மட்டும் இருந்தால் போத்தலைத் திறக்காமல் வைத்துவிடுங்கள்.